குழாயில் மிச்சமிருந்த மருந்து

முதல் வெடியிலேயே துப்பாக்கி கோவேறு கழுதை மாதிரி தோளில் உதைத்தது. சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ள ஓரின் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை.

"குளிருப்பா," என்றான் காபிக் குடுவையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீட். "எண்ணெய் உறைஞ்சிருக்கும். உன் மூளை மாதிரி."

ஓரின் உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். கைப்பிடி ஒருவழியாக எழும்பி, பித்தளைக் கூடு வெளியே விழுந்தது. அதன் அடியில் இருந்த, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தேய்ந்த காசு போலத் தட்டையாகியிருந்தது. உள்ளே அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது.

அப்படி ஆக நியாயமே இல்லை. போன வாரம் இதே சரளைக் குழியில், வெடிமருந்தின் ஒவ்வொரு எடைக்கும் மூன்று தோட்டா சுட்டு, குண்டுகள் ஒரே இடத்தில் போய் மொய்த்த எடையைக் கண்டுபிடித்திருந்தான். ஒரு மூட்டைத் தோட்டாவைச் சுட்டுத் தள்ளிவிட்டு அப்புறம் யோசிக்கிறவர்கள்மேல் அவனுக்கு எப்போதும் இளக்காரம். நேற்று மாலை அந்த எடையில் இருபது தோட்டா செய்தான். அவனிடமும் மகள் தியாவிடமும் இருப்பது ஒரே ரகத் துப்பாக்கி. முதல் பத்தை அவளிடம் கொடுத்து மான் வேட்டைக்கு அனுப்பிவிட்டு, மீதியைச் சரிபார்க்க இங்கே வந்திருந்தான். சுட்டுப் பார்த்த பிறகே வேட்டைக்கு என்பதுதான் முறை. ஆனால் இன்றோடு சீசன் முடிகிறது.

"எடையில கோட்டை விட்டுட்டியா?"

"ஒவ்வொண்ணையும் தராசுல வச்சுப் பாத்தேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டா?"

ஓரின் இன்னொரு தோட்டாவை எடுத்து, குண்டைக் கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலில் செருகிப் பலகையில் தட்டினான். குண்டு கழன்றது. மருந்தை ஒரு இலக்குத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் கொட்டினான். நீளநீளமான கரிய துணுக்குகள். அவற்றினிடையே குட்டையாக, பொடியாக, வேறு ஒரு மருந்து.

போன வாரம் அந்தச் சோதனைக்குப் பிறகு, வசந்தத்தில் தரை அணில் சுடுவதற்காகச் சின்னத் தோட்டா செய்தபோது, வேகமாக எரியும் மருந்தை, மருந்தை அளந்து கீழே விடும் அளவைக் குழாயில் நிரப்பியிருந்தான். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதன் டப்பாவிலேயே திருப்பிக் கொட்ட வேண்டும். மறுநாளும் அதே வேலைதானே, எதற்கு இரண்டு வேலை என்று விட்டுவிட்டான். அந்த மறுநாள் வரவேயில்லை. நேற்று அதன் தலைமேல் புது மருந்தை ஊற்றியிருக்கிறான். எடை சரியாகத்தான் இருந்தது. என்ன மருந்து என்று தராசு சொல்லாது.

"கிளீட், குழாய் அடியிலேர்ந்துதான் காலியாகும்."

"ஆமா, அதுக்கென்ன?"

"பழைய மருந்து முதல் பத்துலதான் அதிகம். அது தியாகிட்ட இருக்கு."

கிளீட் குடுவையை அப்படியே மண்ணில் வைத்துவிட்டு எழுந்தான்.

தியா வேட்டைக்குப் போயிருக்கும் மலைச்சரிவில் எந்தப் போனும் எடுக்காது என்று தெரிந்தும் ஓரின் வழியெல்லாம் அழைத்துக்கொண்டே வந்தான். வண்டி பனிச்சேற்றில் வழுக்கியது. முள்கம்பி வாசலருகே தியாவின் பிக்கப் நின்றது. ஓரின் ஹார்ன்மேல் கை வைத்தான்.

"மான் ஓடிரும். உன்னைக் கொன்னுருவா."

"கொல்லட்டும்."

ஹார்னை அழுத்திப் பிடித்தான். கையை எடுத்த மறுகணம் மேலே ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. குறி தப்பியவர்கள் மறுபடி சுடுவார்கள். குறி வைத்தது விழுந்தால் சுடமாட்டார்கள். துப்பாக்கி முகத்தில் வெடித்தாலும் சுடமாட்டார்கள்.

முழங்கால் பனியில் ஓடினான். பைன் மரங்களுக்கு அப்பால் தரையோடு தரையாகத் தியாவின் வேட்டைச் சட்டையின் ஆரஞ்சு நிறம். அசையாமல் கிடந்தது.

ஆரஞ்சு நிறம் எழுந்தது. செத்த மானின் அருகே மண்டியிட்டிருந்த தியா திரும்பினாள். கன்னம், மூக்கு, இரண்டு கண்கள். எல்லாம் இருந்தன.

"ஹார்ன் அடிச்சது நீதானா? நல்லவேளை, எனக்குன்னு ஒரு செவிட்டு மான் வாய்ச்சுது."

"எந்தத் தோட்டாவப் போட்ட?"

அவள் முகம் சுருங்கியது. "கோவிச்சுக்கக் கூடாது."

"தியா."

"கடையில வாங்கினது. நேத்து நீ ரேடியோல ஆட்டம் கேட்டுக்கிட்டே செஞ்சே, அப்பா. சுட்டுப் பாக்காதத நான் வேட்டைக்கு எடுக்க மாட்டேன். நேர்ல சொன்னா உனக்கு மனசு கஷ்டமாயிரும்னு உன் பெட்டியையும் வாங்கி வச்சுக்கிட்டேன்."

ஓரின் பனியில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதைத் துண்டுதுண்டாகச் சொல்லி முடித்தான். தியா கைகளைப் பனியில் துடைத்து, பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். அவன் ஒட்டிய நாடா பிரியாமல் இருந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் கிளீட். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. முதல்ல அப்பாவத் தூக்கணும். அப்புறம் மான."

ஓரின் பெட்டிக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. திரும்பவும் தன் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நீ இந்தத் தோட்டாவப் பிரிக்கிறப்ப நானும் பக்கத்துல உக்காருவேன். ரேடியோ கிடையாது."

"சரி," என்றான் ஓரின். கிளீட்டின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.