தண்ணி மருந்து

இலங்கை மலைநாட்டில் பெரகல சந்திக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மருந்துக்காரனாகத் திரும்பி வந்தபோது சின்னராசாவுக்கு முப்பது வயது. பதினாறு வயதில் அங்கிருந்து ஓடும்போது அவன் பெயர் தவிடன். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்பத் தப்புப் பறை அடித்தவரின் மகன். அப்பன் செத்த மறுநாள், தப்பை நீ எடு என்றார்கள். அன்றே பதுளை நகரத்துக்கு நடையைக் கட்டினான். கடைவீதியில் மூட்டை தூக்கினான், வண்டிக்காரர் ஒருவரிடம் மாடு பார்த்தான், ஆஸ்பத்திரியில் இரத்தத் துணி துவைத்தான். துவைத்துக்கொண்டே மருந்துகளின் பெயரைக் காதில் வாங்கி, கடைசியில் கலக்கவும் கற்றுக்கொண்டான்.

மூன்று தோட்டங்கள் அவனை வேலைக்குக் கூப்பிட்டன. எங்காவது போய் மரியாதையாகப் பிழைத்திருக்கலாம். இந்த மகராசனுக்கோ தான் பிறந்த தோட்டத்தில்தான் கோட்டுப் போட்டு நடக்க வேண்டியிருந்தது! தப்பை எடு என்றவர்கள் தன் கையால் கலக்கியதைக் குடிக்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

குடிப்பார்களா? தூள் மருந்தைக் காகிதத்தில் மடித்து வாசற்படியில் வைத்தால் எடுத்துப் போனார்கள். தண்ணீர் பட்ட எதையும் தொடவில்லை. தப்படிக்கிறவன் கைத்தண்ணீர் தீட்டாம். ஒரு வருடம் மடித்து மடித்து வைத்தான். வயிறு எரிந்துகொண்டேதான் வைத்தான்.

கூலியாட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணியின் மகள் ஜெயலெட்சுமிக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண். கொடுத்த தூள் எல்லாம் வாந்தியாக வந்தது. சின்னராசா சீசாவில் மருந்து கலக்கிக்கொண்டு போய் கங்காணி வீட்டு வாசலில் நின்றான்.

“தூளாக் குடு தவிடா,” என்றாள் கங்காணியின் மனைவி ரெங்கம்மா.

“தூளு நிக்காதுங்கம்மா. இதத்தான் குடுக்கணும்.”

“நீ கலக்குன தண்ணியவா?”

சேதி தோட்டத்துரையின் பங்களாவுக்குப் போனது. துரை ஆளனுப்பினார்: சீசாவை இங்கே கொண்டுவரட்டும், நான் கலக்கியதாகச் சொல்லி என் சமையல்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். நல்ல யோசனை. பெண் பிழைத்திருப்பாள். சின்னராசாவும் இரண்டு எட்டு வைத்தான். பிறகு நின்றுவிட்டான்.

“கலக்குனது நான். எங்கையால குடிச்சாக் குடிக்கட்டும்,” என்றான் வந்த ஆளிடம்.

மத்தியானம் வரை அந்த வாசலிலேயே நின்றான். உள்ளேயிருந்து ஜெயலெட்சுமியின் குரல் கேட்டது. “தாகமா இருக்கும்மா. அவரு குடுத்தாலும் குடிக்கிறேன்.”

“வாய மூடு,” என்றாள் ரெங்கம்மா.

சின்னராசாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தான் பாவி. குரல் மெலிந்துகொண்டே போனால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் இருந்தவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் நின்றான். சத்தமே இல்லாமல் போனபிறகுதான் பயந்து பங்களாவுக்கு ஓடினான். சமையல்காரன் சீசாவோடு வந்து சேர்வதற்குள் ரெங்கம்மாவின் அலறல் மலை முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் மருந்துச் சாலைக்குக் கங்காணியே வந்தார். கண் வீங்கியிருந்தது.

“தப்படிக்கிறவன் காய்ச்சல்ல கெடக்குறான். எம்பொண்ணு சத்தமில்லாமப் போகக் கூடாது. நீ அடி தவிடா.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். “அவரு குடுத்தாலும் குடிக்கிறேன்” என்ற குரல் காதில் கேட்டது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பதினைந்து வருடமாகத் தொடாத தப்பு. அப்பன் பழக்கிய கை எதையும் மறந்திருக்கவில்லை. சுடுகாடுவரை அடித்தான்.

எட்டாம் நாள் ரெங்கம்மா தன் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு மருந்துச் சாலைக்கு வந்தாள். அவனுக்கும் அதே கடுப்பு. வீட்டுச் செம்பை நீட்டினாள்.

“தண்ணி மருந்த இதுல ஊத்து. படாம, உசரத்துல இருந்து ஊத்து.”

“நான் கலக்குனதுங்கம்மா.”

“தெரியும். எம்பொண்ணுக்குத் தப்படிச்சவன் நீ. இப்பத்தான் நீ எங்களோட தவிடன். அன்னைக்கி கோட்டுப் போட்டுக்கிட்டு எவனோ மாதிரி வந்து நின்ன. தவிடனா வந்திருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேன்.”

ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினான். அவள் அங்கேயே பையனின் வாயில் செம்பை வைத்தாள். இதைக் கண்ணால் பார்க்கத்தான் அவன் இந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தான். பையன் மடக் மடக்கென்று குடித்தான். சின்னராசா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.