ஐந்தாவது கேள்வி

நான் வேலை பார்க்கும் அறையில் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. புதிய வலி மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் இடம் அது. மாத்திரை சாப்பிடும் நாற்பது பேரையும் தினமும் கூப்பிட்டு ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். கேள்விகளை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். தானாகப் பேச்சுக் கொடுக்கத் தெரியாத எனக்கு அது பெரிய வசதி.

"நீ வாயத் தொறக்கறதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா? வீட்டுல நாங்க சும்மாவே கெஞ்சிட்டிருந்தோம்," என்றாள் அக்கா. அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள்.

நரம்பு முனையில் டிஆர்பிவி-1 என்று ஒரு புரதம் உண்டு. மிகச் சிறிய வாசல் மாதிரி. நாற்பத்து மூன்று டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். மிளகாய் பட்டாலும் திறக்கும். வீங்கிய மூட்டில் அது உடம்பின் சாதாரணச் சூட்டுக்கே திறந்துகொள்கிறது. சும்மா இருந்தாலும் வலிக்கிறது. எங்கள் மாத்திரை அந்த வாசலைச் சாத்திவிடும். ஆனால் வெந்நீர் சுடுகிறது என்று சொல்வதும் அதே வாசல்தான். அதற்காகத்தான் ஐந்தாவது கேள்வி: தொட்ட பொருளில் சூடு வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்ததா?

பதினொன்றாம் எண் ஒரு தையல்காரர். பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். இரண்டாம் மாடியில் ஓர் அறை. கடையும் அதுதான், வீடும் அதுதான். முழங்கால் வலியால் ஒரு வருடமாகப் படி இறங்காமல் இருந்தவர். கேள்விகள் முடிந்த பிறகும் பேசுவார். முதல் வாரம் என்னை "மேடம்" என்றார். மூன்றாம் வாரம் அது "என்னம்மா, சாப்ட்டியா?" ஆகிவிட்டது. அவருடைய நேரம் நாலு பத்து. நாலு மணிக்கே நான் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரி செய்துகொள்வேன்.

அன்றும் முதல் கேள்வியைக் கேட்டேன். "வலி பத்துக்கு எவ்வளவுங்க?"

"ரெண்டு. மொதல்ல எட்டு சொன்னேன்ல? காலைல நானே எறங்கிப் போய் பால் வாங்கிட்டு வந்தேம்மா. கடைக்காரன் என்னைப் பாத்துட்டு, நீங்க இன்னும் இருக்கீங்களாங்கறான்."

சிரித்தேன். காய்ச்சல் இல்லை. தூக்கம் நன்றாக இருந்தது. மாத்திரை போட்டாயிற்று. ஐந்தாவதற்கும் "இல்ல" என்றார். கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

"அது கெடக்கட்டும். இந்த இஸ்திரிப் பெட்டி என் உயிரை வாங்குது. சூடே ஏற மாட்டேங்குது. மெக்கானிக் வந்து பாத்துட்டு, பெட்டி நல்லாத்தான் இருக்கு, உங்களைத்தான் ரிப்பேர் பண்ணணும்னுட்டுப் போறான். இதுல ஒரு கோட்டுக் காலர் வேற கருகிப்போச்சு."

"சூடு ஏறலைன்னா எப்படிங்க கருகும்?"

தாளில் இல்லாத கேள்வி. நானாகக் கேட்டது.

"அதான் எனக்கும் புரியல. இரு. நாப்பது வருஷமா தண்ணி தொட்டு விரலை வெச்சுத்தான் பாக்கறேன்."

தொலைபேசியில் சுர்ரென்று கேட்டது. தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது நின்ற பிறகும் அவர் விரலை எடுத்த மாதிரி தெரியவில்லை.

"பாரு, வெதுவெதுன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது.

"விரலை எடுங்க. பச்சைத் தண்ணில வைங்க."

குழாய் திறந்தது.

"விரல்ல கொப்புளம் ஏதாவது இருக்கா?"

"மூணு இருக்கு. ஊசி குத்தினதுன்னு நெனச்சேன்."

குழாயை மூடினார்.

"நீ கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். நீயும் எழுதிட்ட," என்றார். "அதுக்கப்புறம் பேசினது சும்மா பேசினதுதானேம்மா?"

எழுதினால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

"கையுறை போட்டுக்கறேன். வெந்நிய விட்டுடறேன். படி எறங்கறது மட்டும் எனக்குப் போதும்."

"சரிங்க," என்றேன். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை.

தாள் முன்னால் இருந்தது. தனியாக இருப்பவர். அடுப்பில் எது கொதித்தாலும், துணி எரிந்தாலும், கையைப் பிடித்து இழுக்க அந்த அறையில் ஆள் கிடையாது. இன்னொன்றையும் யோசித்தேன். எழுதிவிட்டால் எனக்கு நாலு பத்து இருக்காது. அதைத்தான் அதிக நேரம் யோசித்தேன் என்று நினைக்கிறேன்.

'இல்லை'யின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, விதிப்படி ஓரத்தில் கையெழுத்திட்டு, 'ஆம்' என்று எழுதினேன். கீழே, இஸ்திரிப் பெட்டி, மூன்று கொப்புளங்கள். தாளை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உடனே தொலைபேசியை எடுத்தார். நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் பட்டியலில் பதினொன்றாம் வரி அடிக்கப்பட்டிருந்தது. நாலு பத்திலிருந்து நாலு இருபது வரை தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான்.

மாத்திரை நிறுத்திய பதினான்காம் நாள் கடைசியாக ஒரு முறை கூப்பிட வேண்டும். மாத்திரையைப் பற்றியது தவிர மற்றக் கேள்விகள் எல்லாம் உண்டு. அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

"சொல்லுங்க மேடம்," என்றார்.

"வலி எவ்வளவுங்க?"

"எட்டு."

"காய்ச்சல்?"

"இல்ல."

"தூக்கம்?"

"இல்ல."

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பாலை யார் வாங்கித் தருகிறார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. ஐந்தாவது கேள்வியை எழுத்து பிசகாமல் படித்தேன்.

நாற்காலி நகர்ந்தது. தண்ணீர்க் கிண்ணம் நகர்ந்தது. பிறகு சுர்ரென்று ஒரே நொடி. உடனே "ஸ்ஸ்" என்று இழுத்த மூச்சு, பெட்டியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை.

"சுடுது. எழுதிக்கோங்க மேடம்."

"எழுதிட்டேங்க."

வைத்துவிட்டார். மணி நாலு பதினொன்று. பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.