மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே

நாற்பத்திரண்டு நாட்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நாற்பத்திரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, தொழில்நுட்பம் முழுவதும் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதாகக் கருதப்படும்.

தான்சானியாவின் மொரொகோரோவிலிருந்து நாலு பேர் போனோம், கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி செய்யக் கற்றுக்கொள்ள. கம்பெனி ஐரோப்பாவின் வடகோடியில் இருந்தது. பயிற்சிக் கூடத்துக்குள் நோட்டு, பேனா, கைபேசி எதுவும் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையேடு ஒன்று கொடுத்தார்கள். அதில் அளவுகள் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் ‘பயிற்சியின்போது காட்டப்படும்’ என்று இருந்தது.

அதனால் வேலையை நாலாகப் பிரித்துக்கொண்டோம். முட்டைக்குள் கிருமியை வளர்ப்பது லைட்னெஸ் என்ற பெண்ணின் வேலை. அதோடு சேர்க்கும் கரைசல் என் பங்கு. இரண்டையும் கலந்து உறையவைத்து உலர்த்தும் இயந்திரம் செலெமானி மாமாவுக்கு. கடைசிச் சோதனைகள் ம்புயாவுக்கு. பகலெல்லாம் அவரவர் பங்கை மனப்பாடம் செய்வோம். மாலையில் விடுதி அடுப்பில், ஊரிலிருந்து கொண்டுபோன சோள மாவில் உகாலிக் களி கிண்டியபடி ஒவ்வொருவராக ஒப்பிப்போம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதிக்கொள்வேன்.

செலெமானி மாமாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஐஸ் பாக்டரியில் கம்ப்ரசர் பார்த்தவர், பட்டம் இல்லாதவர். பஸ்ஸிலும் படுக்கையிலும் எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மைனஸ் நாற்பதில் எத்தனை மணி நேரம், மைனஸ் இருபதில் எத்தனை மணி நேரம். தொழுது முடித்ததும் அதே மூச்சில் எண்களுக்கு வந்துவிடுவார்.

அவர் ஸராமோ. நான் நியாம்வேசி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. சாவு வீட்டில்கூட நான் அவரைக் கிண்டல் செய்யலாம். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவரிடம் மட்டும் வாய் நீளும்.

ஊர் திரும்பி முதல் தொகுதி மருந்து செய்தபோது அமைச்சர் வந்திருந்தார். மருந்து குப்பியின் அடியில் வெண்ணிற வில்லையாக நிற்க வேண்டும். எங்களுடையது பாகுபோல் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்க வேண்டிய கிருமி செத்திருந்தது. இரண்டாவது தொகுதியும் அப்படித்தான். மூன்றாவதும்.

கெடுவது உலர்த்தும் இயந்திரத்துக்குள் என்பதால், தப்பு உலர்த்துகிறவருடையது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். செலெமானி மாமா ஏதோ ஓர் எண்ணை மறந்துவிட்டார். மூன்றாவது தொகுதிக்குப் பிறகு, பத்து மணி டீயின்போது மண்டாசிப் பலகாரத் தட்டு அப்படியே இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முறை இருக்கிறவள் நான்தானே.

“மாமா, வீட்டுக்குப் போற வழியாவது ஞாபகம் இருக்கா? சீட்டு எழுதித் தரவா?” என்றேன்.

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “எழுதிக் குடு புள்ள. என் பொண்டாட்டி பேரையும் சேத்து எழுது, வேற வீட்டுக்குள்ள நொழைஞ்சிடப் போறேன்” என்றார்.

அதற்குப் பிறகு முறை இல்லாதவர்களும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்டில் காவலாளி, “சீட்டு இருக்கா பெரியவரே?” என்று கேட்பான். கணக்குப் பிரிவில் ஒரு பெண் அவருடைய சம்பளக் கவரின் மேல் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் முணுமுணுப்பதை நிறுத்தினார். எங்களோடு டீ குடிக்க வருவதையும் நிறுத்தினார்.

பதினாலு மாதங்களில் பதினோரு தொகுதிகள் கெட்டன. இடையில் ஆகஸ்டு வந்தது. வறண்ட காற்றோடு வெள்ளைக்கழிச்சலும் வந்தது. ம்வொமேரோ பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பெண்கள் சங்கத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். பேப்பரில் படம் போட்டுக்கொண்டீர்களே, மருந்து எங்கே என்று கேட்டார். அவர்கள் ஊரில் கோழி விற்றுத்தான் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்குவார்கள். எத்தனை செத்தது என்று கேட்டேன். மிச்சத்தைக் கேள், அதுதான் எண்ண முடியும் என்றார்.

இனி என் பங்கு.

கரைசல் முதலில் மஞ்சளாக இருக்கும், அமிலத்தன்மை. கடைசியில் சிவப்பாக வேண்டும். நடுவே ஏதோ ஒரு காரம் சேர்க்கிறார்கள். மற்ற நாட்களில் கரைசல் பக்கத்து அறையிலிருந்து சிவப்பாகவே வரும். நான் பயிலும் அறையிலேயே சிவக்க வைத்தது ஒரே ஒரு நாள், முப்பத்தொன்றாம் நாள். அதை நான் பார்க்கவில்லை. மஞ்சளைப் பார்த்தேன். பிறகு சிவப்பைப் பார்த்தேன். அன்று மாலை உகாலி வெந்துகொண்டிருந்தபோது, பார்த்தவள்போல ஒன்றை எழுதினேன். சாதாரணக் காஸ்டிக் சோடா, சிவக்கும் வரை. எந்தக் காரம் போட்டாலும் சிவக்கும் என்று முதலாண்டு மாணவிக்கே தெரியும். ஆனால் உறையும்போது எல்லாக் காரமும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தொகுதி கெட்டபோதும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் இன்னொன்று பார்ப்போம் என்று விட்டேன்.

பிறகு கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தப்படி, பயிற்சியில் எதையாவது காட்டத் தவறியிருந்தால் அவர்கள் சொந்தச் செலவில் ஆள் அனுப்பித் திரும்பக் கற்றுத் தர வேண்டும். காட்டியும் நாங்கள் மறந்திருந்தால் அவர்களுக்குப் பொறுப்பில்லை. மறந்தது எங்கள் ஆள் என்று எழுதிக் கையெழுத்திட்டால், கம்பெனி பெருந்தன்மையோடு ஒரு வழி செய்யும். மருந்து நிரப்பிய குப்பிகளை அங்கிருந்தே அனுப்புவார்கள். நாங்கள் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்றுக்கொள்ளலாம். ‘தான்சானியத் தயாரிப்பு’ என்று சீட்டில் போட்டுக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

கையெழுத்து வாங்க எங்கள் பயிற்சியாளர் யோர்கனே வந்திருந்தார். நல்ல மனிதர். அங்கே இருந்தபோது லைட்னெஸுக்குக் கம்பளிக் காலுறை வாங்கித் தந்தார். என்னைப் பனியில் நிற்க வைத்து, தன் கேமராவில் ஒரு படம் எடுத்து அச்சிட்டுக் கொடுத்தார். அது எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா காட்டுவாள். இன்று காலை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி அதைக் கழற்றி எடுத்துவந்தேன்.

இயக்குநர் ம்சாங்கியின் அறையில் உட்கார்ந்தோம். யோர்கன் சாக்லேட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவர் வீட்டையும் பற்றி விசாரித்தார். பிறகு பயிற்சிப் பதிவுத்தாள்களைப் பரப்பினார். ஒவ்வொரு நாளும் என்ன காட்டினார்கள், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள். தினமும் மாலையில் மொத்தமாக நீட்டுவார்கள். நாங்கள் கையெழுத்துப் போடுவோம். முப்பத்தொன்றாம் நாள் தாள் என் பக்கம் இருந்தது. கரைசல், இறுதிக் கட்டம். பதினொன்று ஐந்து முதல் பதினொன்று இருபத்தைந்து வரை. பார்த்தவர்: ஹிதாயா. என் அழகான கையெழுத்து.

ம்சாங்கி செலெமானி மாமாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். கையெழுத்துப் போட்டால் லேபிள் பிரிவிலாவது ஓர் இடம் இருக்கும். அடுத்த மாதம் அமைச்சர் அதைத் திறந்துவைக்க ஒத்துக்கொண்டுவிட்டார். போடாவிட்டால் யாருக்கும் எதுவும் இருக்காது.

மாமா ஒப்புதல் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

“மைனஸ் நாற்பது மூணு மணி, மைனஸ் இருபது பதினெட்டு மணி” என்றார், யாரிடமும் இல்லாமல். “சரியாத்தான் இருக்கு. ஆனா இத்தன பேரு சொல்றப்போ எனக்கே சந்தேகமா இருக்கு.” என் பக்கம் திரும்பினார். “பேனா குடு புள்ள. உன் எழுத்துதான் நல்லா இருக்கும், என் பேரையும் நீயே எழுதிடேன். என்ன, இன்னிக்குக் கிண்டல் ஒண்ணும் இல்லியா?”

யோர்கன் சிரித்தபடி சாக்லேட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

பையிலிருந்து படத்தை எடுத்துப் பதிவுத்தாளின் மேல் வைத்தேன். என் அளவுக்கு மிகப் பெரிய கோட்டு. தலையிலும் தோளிலும் பனி. பல் தெரியச் சிரிக்கிறேன். மூலையில் கேமரா போட்ட ஆரஞ்சு எழுத்துகள்: முப்பத்தொன்றாம் நாளின் தேதி, பக்கத்தில் 11:10.

“மாமா ஒண்ணையும் மறக்கல சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். “மறக்கல. கரைசல் செவந்தப்போ நான் உள்ளயே இல்ல. எழுதிக் கொடுத்தது நானா இட்டுக்கட்டுனது. நீ பனியே பாத்ததில்லியே, போய்ப் பாருன்னு, தன் கோட்டக் குடுத்து என்ன வெளிய அனுப்பி, இந்தப் படத்தையும் எடுத்தது யோர்கன்தான்.”