ஸ்லாவா அன்று வந்த தம்பி

என் புருஷன் ராடோய்கோவுக்குக் கால் ரெண்டும் வீங்கி, ஷூவுக்குள்ள நுழையாமப் போச்சு. அவர் ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியே அவர் கிட்னியைத் தாக்குதுன்னு பெல்கிரேடு டாக்டரம்மா சொன்னாங்க. கிட்னி அப்படி என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டேன். பாவம், அவங்களுக்கும் தெரியல. அந்த ஆன்டிபாடியை உண்டாக்குற அணுக்களைத் தேடிப் பிடிச்சு அழிக்கிற இன்னொரு ஆன்டிபாடியை மருந்தா ஏத்துனாங்க. கோடை முடியறதுக்குள்ள வீக்கம் வடிஞ்சுது. ஆனா இந்த மருந்து கிருமியோட மல்லுக்கட்டுற பலத்தையும் குறைச்சிடும், கூட்டமே ஆகாது, சளி பிடிச்ச ஆளை வாசல்லயே நிறுத்துங்கன்னு கண்டிச்சுச் சொன்னாங்க.

டிசம்பர்ல எங்க குடும்பப் புனிதர் நிக்கோலாவோட நாள், ஸ்லாவா, வந்துச்சு. ஸ்லாவாவுக்கு நாங்க யாரையும் கூப்பிடறதில்ல. வந்தவங்களைத் திருப்பி அனுப்புறதும் இல்ல. அந்த வருஷம் நான் அனுப்பினேன். கேட்லயே நின்னு, கோதுமை இனிப்பு ஒரு கரண்டி, பிளம் சாராயம் ஒரு மடக்கு, போயிட்டு வாங்கன்னேன். சம்பந்தியம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா. போனா போகட்டும். எனக்கு என் மனுஷன் வேணும்.

மத்தியானம் வியன்னா நம்பர் போட்ட கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. இறங்குனது அவர் தம்பி திகோமிர். அப்பாவோட பிளம் தோப்புக்காக அண்ணனோட அடிச்சுக்கிட்டு, வருஷக்கணக்கா முகத்துல முழிக்காதவன். மூக்கு சிவந்திருந்துச்சு, இருமினான். விஷயத்தைச் சொன்னேன். தெரியாம வந்துட்டேன் அண்ணி, இங்கேருந்தே பார்த்துட்டுப் போயிடறேன்னு பின்னால நகர்ந்தான்.

அதுக்குள்ள அவர் செருப்புகூடப் போடாம ஓடி வந்தார். நான் குறுக்க நின்னேன்.

"ஸ்லாவா அன்னைக்கு என் தம்பியைத் தெருவுல நிறுத்துவியா? தள்ளு, ஸ்தாமென்கா."

எங்க வழக்கப்படி மூணு முத்தம். அப்புறம் ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதாங்க, விடவே இல்ல. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

வாரம் முடியறதுக்குள்ள காய்ச்சல், அப்புறம் நிமோனியா. புது வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டார். கிட்னி கிட்டத்தட்ட குணமாயிடுச்சும்மா, அதுதான் தாங்கலன்னு டாக்டரம்மா கண் கலங்கினாங்க. அதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு வெடிச்சுது.

திகோமிர் வியன்னாவுக்குத் திரும்பவே இல்ல. ஆஸ்பத்திரி நடையில சுவரோட ஒட்டி நின்னான்.

"அண்ணி, என் சளிதானே?"

எனக்கு நாக்கு நீளம்னு ஊருக்கே தெரியும். வாய்க்கு வந்தபடி ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்துல அவரோட புருவம், அவரோட மூக்கு.

"இல்லடா. நீ வர்றதுக்கு முதல் நாளே அவருக்குக் காய்ச்சல்."

அவன் அப்படியே தரையில உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையாலயே அவனை அடிச்சுக் கொல்லணும்போல இருந்துச்சு எனக்கு. தடவிக்கிட்டே இருந்தேன்.