வியாமின் பங்கு

வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு அலுப்பு. ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் சலே ஊரே, கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த குஸ்குஸ் வாசனையில் குதூகலமாக இருக்கும். நான் மட்டும் இரண்டு பேர் பங்கைச் சாப்பிட வேண்டும்.

எங்கள் வீட்டில் மூவருக்கும் ஒரே தாம்பாளம். உம்மா, நான், தங்கை வியாம் மூவரும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் எதிரே இருப்பதைத் தோண்டிச் சாப்பிடுவோம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதைத் தாம்பாளமே காட்டிக் கொடுத்துவிடும். வியாமுக்கோ சாப்பாடு என்றாலே நடுக்கம். அதனால் உம்மா மோர் எடுக்க எழுந்து போகும் நேரத்தில் அவள் பங்கை நான் வாரி விழுங்குவேன். ஒரு வருடமாக எல்லா நாளும் இதே கூத்து; வெள்ளிக்கிழமை தாம்பாளம் இன்னும் பெரிது. நான் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டேன், அவளுக்குக் கழுத்தெலும்பு துருத்துகிறது. திங்கட்கிழமை அவள் எடை இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்று உம்மா மோர் எடுக்க எழுந்ததுமே வியாமின் முழங்கால் என்னை இடித்தது.

“அக்கா, சீக்கிரம்.”

“முடியாதுடி. வயித்துல இடமும் இல்ல, மனசுல தெம்பும் இல்ல.”

“இன்னைக்கு மட்டும்.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

உம்மா மோர் ஜாடியோடு வந்து நின்றாள். தாம்பாளத்தில் என் பக்கமும் உம்மா பக்கமும் பள்ளம். வியாமின் பக்கம் ஒரு கேரட் துண்டுகூட அசையவில்லை.

“இத்தனை நாளும் அவ பங்கை நான்தான் தின்னேன் உம்மா,” என்றேன்.

உம்மா மெதுவாக உட்கார்ந்தாள். “தெரியும்டி. இல்லாட்டி தினமும் மோரை எதுக்கு உள்ளயே வச்சிட்டு வர்றேன்? தாம்பாளம் காலியாத் தெரிஞ்சாப் போதும்னு இருந்துட்டேன். கேக்கப் பயமா இருந்துச்சு.”

வியாம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ ரெண்டு பேரும் தாம்பாளத்தைத்தான் பாத்தீங்களா? என்னைப் பாக்கவே இல்லையா?”

வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். குஸ்குஸ் ஆறிக்கொண்டிருந்தது.

“ஒரு கரண்டி உள்ள போனாலே மூச்சு முட்டுது உம்மா. நான் வேணும்னு பண்ணல.”

உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடு என்று சொல்லவில்லை.

“திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்,” என்றாள் வியாம். “நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. என்னை ஆஸ்பத்திரில சேத்துக்கச் சொல்லி டாக்டர்கிட்ட நானே கேக்கறேன்.”