பிள்ளையார் சொன்ன சாட்சி

1977இல் சிட்னி நீதிமன்றத்தில் எனக்காகச் சாட்சி சொன்னவர் பிள்ளையார்.

பஸ் பாதையில் கார் ஓட்டினேன் என்று பொலிஸ்காரர் தண்டம் எழுதிவிட்டார். இன்னொரு குற்றம் சேர்ந்தால் என் லைசன்ஸ் போய்விடும். எங்கள் வீட்டு வாசலில் இருந்த பஸ் பாதை அறிவிப்புப் பலகையை மரக்கிளை மூடியிருந்தது. ரோட்டில் எழுதிய எழுத்து ஆயிரம் வருடக் கல்வெட்டுப் போல் தேய்ந்திருந்தது. மேன்முறையீடு செய்தேன். வழக்கு வருவதற்குள் கிளையை வெட்டி, எழுத்துக்கும் புதுப் பெயின்ற் அடித்துவிட்டார்கள்.

"பேசாமல் காசைக் கட்டுங்கோ, அத்தான்," என்றான், என் கதை எதையும் நம்பாத மச்சான் யோகேஸ்வரன்.

நீதவானிடம் நான் நீட்டியது அவன் எடுத்த படம். புதுக் காருக்கு வாசலில் பூசை செய்தபோது, யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப எடுத்தது. பொனட்டில் பிள்ளையார், சில்லுக்கடியில் தேசிக்காய். அவன் கோணலாகப் பிடித்ததில் கார் பாதிதான் விழுந்தது; மீதியெல்லாம் மரக்கிளையும் தேய்ந்த ரோட்டும். ஓரத்தில் தண்டம் எழுதிய அதே மாதம்கூட அச்சாகியிருந்தது.

நீதவான் ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தார். "இவர் யார்?"

"தடைகளை நீக்குபவர், ஐயா."

"கிளையை விட்டுவிட்டாரே," என்று சொல்லித் தண்டத்தை ரத்துச் செய்தார்.

இதைக் கேட்பவர்கள் உடனே யோகேஸ்வரனைப் பார்ப்பார்கள்.

"ஒரு மணி நேரமில்லை, ஒரு நிமிசம்," என்பான் அவன். "மற்றதெல்லாம் நடந்ததுதான். நானும் கூடப் போனனான்."