சிந்தாத கஞ்சி

எங்கள் ஊர் நாய் டாக்டர் கிளினிக்கில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது டாக்டர் அல்ல, சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைதான். சிவப்பு மையில் கொட்டை கொட்டையான எழுத்து: 'தண்ணி மருந்தைத் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள். நெஞ்சுக்குள் போய்விடும். கன்னத்து ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக.' எழுதியவர் கம்பவுண்டர். பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கிறார். டாக்டர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், கம்பவுண்டர் மாறவில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அன்று காலை ஒரு பெண் துண்டில் சுற்றிய பூனையோடு வந்தாள். பூனை வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. வயிறு எக்கி எக்கிப் போனது. தொட்டால் கொதித்தது.

"என்ன குடுத்தீங்க?" என்றார் கம்பவுண்டர்.

"மூணு நாளா சாப்பிடவே இல்லைங்க. மனசு கேக்கல. அதான் சிரிஞ்சுல கொஞ்சம் பால்..."

"எப்படி? தலையைத் தூக்கிப் பிடிச்சா?"

அவள் குனிந்துகொண்டாள்.

"அது சாப்பிடலன்னா அதுக்கு முடியலன்னு அர்த்தம். புடிச்சு ஊத்தினா எங்க போகும்? வயித்துக்குப் போற குழாயும் மூச்சுக்குழாயும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. தடம் மாறிப் போன பால் நுரையீரல்ல கெட்டுப்போய் நிமோனியாவா வந்து நிக்கும். இருமுச்சா? மூக்குல பால் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"வந்தப்பவே நிறுத்தியிருக்க வேண்டாமா? அலங்காரத்துக்கா இந்த அட்டையை ஒட்டி வச்சிருக்கேன்?"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்: "கம்பவுண்டர், பூனையைக் கொண்டாங்க. அந்தம்மாவுக்கும் சேர்த்து ஊசி போட்டுடாதீங்க!"

சரி, ஊருக்கு உபதேசம் ஆயிற்று. மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய் அதே கம்பவுண்டர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

வீட்டில் அவருடைய அப்பா படுக்கையில் இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதோடு விழுங்கும் தசைகளும் சோர்ந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், தாடை நெஞ்சைப் பார்த்து இறங்கியிருக்க வேண்டும், கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். சின்ன ஸ்பூனில் கொடுத்து, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுத்துக்கு எழுத்து செய்தவள், அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாள். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பாள், மறுபடி மூன்று மணிக்கு வருவாள். கிழவர் டிரைவராக இருந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு வேலை செய்தாள். ஸ்பூனை வாயில் வைத்ததும், "தாடையை இறக்குங்க... இறக்குங்க... ரைட்!" என்பாள். அவர் டபக்கென்று விழுங்குவார், பாதி முகத்தில் சிரிப்பு வரும். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. அவள் வண்டி நிதானமாகத்தான் போகும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். அதிலும் கால்வாசி, நெஞ்சில் போட்ட துண்டுக்குத்தான்.

மத்தியானச் சாப்பாடு மட்டும் கம்பவுண்டர் பொறுப்பு. "என் அப்பாவுக்கு ஒரு வேளையாவது நான் ஊட்ட மாட்டேனா?" என்று இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காவிடம் அவரேதான் மார் தட்டினார். கிளினிக்கில் ஒரு மணி நேரம்தான் இடைவேளை. போக வர அரை மணி போய்விடும். கிழவரோ கஞ்சியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பார்.

ஒருநாள் மாத்திரை உள்ளே இறங்கவே இல்லை. கம்பவுண்டரின் கை தானாக வேலை செய்தது. நாய்க்குச் செய்வதுபோல அப்பாவின் தாடையைத் தூக்கி, மாத்திரையை நாக்கின் கடைசியில் போட்டு, தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவினார். மாத்திரை இறங்கிவிட்டது. அட, இவ்வளவுதானா! மறுநாள் கஞ்சியைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தினார், கிளினிக்கிலிருந்து பெரிய சிரிஞ்சு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தாடையைத் தூக்கு, பீச்சு, தொண்டையைத் தடவு. ஏழே நிமிஷம். துண்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கிழவர் இருமினார். கண் சிவந்தது. ஏதோ சொல்ல வந்த குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கொழகொழத்தது. 'இருமினா நல்லதுதான், தொண்டை சுத்தமாகும்' என்று கம்பவுண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவரைப் படுக்க வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

தெரியாமலா செய்தார்? அந்த அட்டையை எழுதிய கைதானே! மாத்திரைக்குத் தூக்கலாம், தண்ணிக்குத் தூக்கக் கூடாது என்று நாளுக்குப் பத்து பேரிடம் சொல்கிற வாய்தானே! ஆனால் அதெல்லாம் கை தெரியாதவர்களுக்கு என்று அவர் நினைத்தார். மூன்றாம் நாள் கண்டக்டரம்மா துண்டைப் பார்த்துவிட்டு, "தம்பி கை நல்ல கை. ஒரு சொட்டு சிந்தலையே!" என்று மெச்ச வேறு செய்துவிட்டாள். கேட்க வேண்டுமா, உச்சி குளிர்ந்துபோனது.

பூனைக்காரியைத் திட்டிய நாள், சிரிஞ்சைக் கையில் எடுத்த ஒன்பதாவது நாள். திட்டிய வாயின் ஈரம் காய்வதற்குள், வீட்டுக்குப் போய் அப்பாவின் தாடையைத் தூக்கினார்.

சாயங்காலம் கிழவருக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு மேலுக்கும் கீழுக்கும் இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. கண்டக்டரம்மா போன் செய்ய, அக்கா ஓடி வர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் தூக்கிப் பிடித்தார். "வலது பக்கம் கீழ வெள்ளையா தெரியுது பாருங்க. சாப்பாடு நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆயிருக்கு. இந்த வயசுல இது லேசுப்பட்டது இல்ல. ரெண்டு நாள் போகாம எதுவும் சொல்ல முடியாது. யார் ஊட்டுறது?"

அக்கா சட்டென்று கண்டக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இவங்கதான்."

"நான் நிமிர்த்தி உக்கார வச்சுத்தான் ஊட்டுவேன்" என்றாள் அவள்.

"அப்ப கஞ்சி தானா வழி கேட்டுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சா? நம்பித்தானே விட்டோம் உங்களை!"

கண்டக்டரம்மா கம்பவுண்டரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தோளில் பை, பைக்குள் சிரிஞ்சு. வாயைத் திறந்தார்.

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்" என்றார். "நடந்தது நடந்துபோச்சு."

பெரிய மனசுக்காரர் பேசுகிற பேச்சு! தன் தப்புக்கு அவளை மன்னிக்கிறார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்கா சொன்னதும் கண்டக்டரம்மா தன் பையை எடுத்துக்கொண்டாள். கிழவரின் நெஞ்சுத் துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்கப்புறம் கம்பவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவார். அக்கா, "பாவி, அவளை நம்பி விட்டோமே" என்று ஆரம்பிப்பாள். இவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார். கூடவே ஒரு 'உம்' வேறு கொட்டினார் ஒருநாள். அந்த 'உம்'மை நினைத்து, குளிக்கும்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். அறைந்து என்ன புண்ணியம்? குளியலறைக்குள் அறைந்துகொள்ள யாருக்குத்தான் தைரியம் இல்லை?

ஐந்தாம் நாள் அந்தப் பெண் பூனையைத் திரும்பக் கொண்டுவந்தாள். பூனை கூடைக்குள்ளிருந்து எல்லோரையும் முறைத்தது. பிழைத்துக்கொண்டது.

"நீங்க அன்னைக்குத் திட்டினது நல்லதுங்க" என்றாள். "எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு, இத்தனை பேரு முன்னாடி. ஆனா நான் உண்மையைச் சொன்னதாலதான் சீக்கிரம் வைத்தியம் பண்ண முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னார்."

கம்பவுண்டர் மருந்து அறைக்குள் போய் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டார். ஒரு பூனைக்காக அவள் பத்து பேர் முன்னால் தலைகுனிந்தாள். பெற்ற தகப்பனுக்காக இவரால் முடியவில்லை.

எட்டாம் நாள் கிழவர் தெளிந்திருந்தார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். அதற்கு முன் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, கட்டிலை நிமிர்த்தி, ஒரு ஸ்பூன் கெட்டிக் கஞ்சி கொடுத்துப் பார்த்தாள். கிழவர் தானாகவே தாடையை இறக்கி விழுங்கினார். இரண்டாவது ஸ்பூனும் அப்படியே.

"ரொம்ப நல்லாப் பழக்கியிருக்காங்களே! யாரு?" என்றாள்.

அக்காவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

"சரி, வீட்டுல இனிமே ஊட்டப் போறது யாரு? ஒரு ஸ்பூன் குடுங்க, பார்க்கிறேன்."

"நீ குடு தம்பி" என்றாள் அக்கா. "உனக்குத்தான் கைப்பழக்கம்."

கம்பவுண்டர் ஸ்பூனை வாங்கிக்கொண்டு பக்கத்தில் போனார். அப்பா அவரைப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய தாடை மெல்ல மெல்ல மேலே எழும்பியது. தலை தலையணையில் சாய்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வாயைத் திறந்து, தொண்டையைக் காட்டிக்கொண்டு, நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஐயோ, இது என்ன?" என்றாள் அந்தப் பெண். "இப்பதானே இறக்கினார்? யாரு இவருக்கு இப்படிப் பழக்குனது?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? ஸ்பூன் ஆடி, கஞ்சி அவர் கையிலேயே சிந்தியது.

"நான்தான்" என்றார்.

"என்ன நான்தான்?" என்றாள் அக்கா.

"மத்தியானம்... சிரிஞ்சுல. நாய்க்குக் குடுக்கிற மாதிரி. ஒம்பது நாளா. கண்டக்டரம்மா மேல தப்பே இல்லக்கா."

அக்கா கத்துவாள் என்று நினைத்தார். ஓங்கி ஒன்று விட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவர் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். கிழவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, ஸ்பூன் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார். பிறகுதான் தாடையை இறக்கினார்.

கம்பவுண்டர் வெளியே நடைவழிக்கு வந்து போனை எடுத்தார். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தி, மூன்றாவதில் கிடைத்தது.

"அம்மா, நான் கம்பவுண்டர் பேசுறேன். அப்பாவுக்கு அப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். உங்க மேல பழியைப் போட்டுட்டு நின்னுட்டேன்."

"தெரியும் தம்பி."

"தெரியுமா? எப்படி?"

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்பதான் அந்தத் துண்டு ஞாபகம் வந்துச்சு. எனக்கு அவ்வளவு சிந்துது. முழுங்க முடியாத மனுஷன் உங்ககிட்ட மட்டும் ஒரு சொட்டு சிந்தாம சாப்பிட்டிருக்காரே! நல்ல கைன்னு நானும் மெச்சினேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க" என்றாள் அவள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

நடைவழியில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பவுண்டர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

"நாளைக்கு வீட்டுக்கு வராரு" என்றார் கடைசியில். "வருவீங்களாம்மா?"

"அவருக்காக வரேன். மத்தியானமும் நானே இருந்துக்கறேன், நீங்க வர வேண்டாம்." பிறகு, போனை வைக்கப் போனவள் ஞாபகம் வந்தவளாகச் சொன்னாள்: "துண்டு நாலஞ்சு எடுத்து வைங்க. சிந்தும்."